பல்லின் வேரில் பாயும் ஒளி



பூநகரி என்றதும் பலருக்கு நினைவில் எழுவன மொட்டைக்கறுப்பன் அரிசியும் பனங்கூடலுமாகும். அந்தச் சோற்றின் சுவையையும் ஒடியலின் கடினத்தையும் அறிந்தோர்க்குப் பல்லின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பல் வலித்தவுடன், "பிடுங்கிவிடுங்கள் ஐயா, தொல்லை தீரட்டும்" என்று வைத்தியரை வேண்டும் வழக்கம் நம் கிராமங்களில் இன்றும் மறைந்தபாடில்லை. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலை கெடுவதையே பெரும் இழப்பாகக் கருதும் உழவருக்கு அதுவே எளிய வழியாகத் தோன்றுகின்றது. ஆனால், வளர்ந்தவரின் பல் பிடுங்கப்பட்டால் மீண்டும் முளைப்பதில்லை. அயலிலுள்ள பற்கள் நாளடைவில் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன. மெல்லும் வலுவும் குன்றுகின்றது.

பிடுங்காமலே பல்லைக் காக்கும் வழி ஒன்று உண்டு. அதுவே வேர்க்குழாய்ச் சிகிச்சை. அச்சிகிச்சைக்கு இந்நாளில் லேசர் என்னும் ஒளியும் துணைபுரிகின்றது. அது எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே அதன் ஆற்றல் நின்றுவிடும் என்பவற்றை இன்று நோக்குவோம்.

பல்லின் மேற்புறத்தே மிளிரி என்னும் கடினமான கவசம் உள்ளது. அதன் உள்ளே இருப்பது பன்முதல். அதற்கும் உள்ளே, நரம்பும் குருதிக் கலன்களும் கொண்ட மச்சை வேரின் நுனிவரை செல்கின்றது. சொத்தை இம்மச்சையை எட்டும்போது பற்றீரியாக்கள் உட்புகுகின்றன. தாங்கொணா வலி எழுகின்றது. சில நாட்களில் அந்த வலி தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. நோய் தீர்ந்தது என்று பலரும் மகிழ்வது அப்பொழுதுதான். உண்மையில் தீர்ந்தது நோயன்று, மச்சையின் உயிரே. வலியை உணர்த்தும் நரம்பு இறந்தபின், பகை ஓசையின்றி வேரின் நுனியைக் கடந்து தாடை என்பையும் அரிக்கத் தொடங்குகின்றது.

இவ்வளவுக்கும் காரணம் பற்றீரியாக்களே என்பதை அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு தெளிவாக்கிற்று. ககேகாஷி முதலிய அறிஞர் மூவர், கிருமிகளே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்களிலும் சாதாரண எலிகளின் பற்களிலும் மச்சை தெரியுமாறு துளையிட்டனர். சாதாரண எலிகளில் மச்சை அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியற்ற எலிகளிலோ காயம் ஆறிப் புதிய பன்முதல் வளர்ந்தது. ஆகவே, கிருமியை அகற்றுவதே சிகிச்சையின் உயிர்நாடி என்பது உறுதியாயிற்று.

அவ்வாறு அகற்றுவது எளிதன்று. மச்சையை அடுத்த பன்முதலில் ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பில் ஏறத்தாழ 45,000 நுண்குழாய்கள் உள்ளன. பற்றீரியாக்கள் அவற்றுள் ஒரு மில்லிமீற்றர் ஆழம் வரையும் சென்று ஒளிந்துகொள்ள வல்லன. வயலிலே கோரையை மேலே அறுத்தால், மண்ணுள் இருக்கும் கிழங்கு மீண்டும் முளைக்கின்றதன்றோ? அதுபோன்றதே இதுவும். ஒல்லாந்து அறிஞர் லேவன்ஹூக், 1683ஆம் ஆண்டிலேயே, தம் பற்களைக் காடியினால் கழுவிப் பார்த்தார். பல்லில் படிந்த அழுக்கின் மேற்புறத்தில் இருந்த நுண்ணுயிர்கள் மடிந்தன. உள்ளே இருந்தவை உயிர்பிழைத்தன. வேர்க்குழாயில் வைத்தியர் எதிர்கொள்ளும் இடரும் இதனை ஒத்ததே. சோடியம் ஐப்போகுளோரைற்று என்னும் கரைசல் சிறந்த கிருமிகொல்லி. எனினும், அது நுண்குழாய்களுள் ஆழமாக ஊறுவது அரிது.

இங்கேதான் ஒளியின் உதவி நாடப்படுகின்றது. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் மைமன் என்னும் அமெரிக்கர் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். அவ்வகைக் கருவிகள் இன்று பற்சிகிச்சையிலும் இடம்பெற்றுள்ளன. மயிரிழை போன்ற கண்ணாடி இழை ஒன்று வேர்க்குழாயினுள் செலுத்தப்பட்டு, மெல்லச் சுழற்றியவாறு வெளியே இழுக்கப்படுகின்றது. 1064 நனோமீற்றர் அலைநீளமுடைய ஒளி பன்முதலை ஊடுருவிச் சென்று, கிருமிகளை வெப்பத்தால் அழிக்கின்றது. ஆய்வுகூடச் சோதனைகளில், ஒரு மில்லிமீற்றர் ஆழத்திலும் அவற்றின் தொகை பெரிதும் குறைந்தமை காணப்பட்டுள்ளது. 2940 நனோமீற்றர் ஒளியோ வேறு வகையில் உதவுகின்றது. நீர் அதனை உறிஞ்சிக் குமிழிகளாக வெடிக்கும்போது, கழுவும் கரைசல் எட்டாத மூலைகளுக்கும் உந்தப்படுகின்றது.

எனினும், ஒளி ஒரு மாயக்கோல் அன்று. வளைந்த வேர்களில் இழை எளிதாகச் செல்லாது. வெப்பம் அளவு கடந்தால் வேரைச் சூழ்ந்த என்பு கெடும். 47 பாகை செல்சியசு வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே என்புக்கு ஊறு நேரும் என்பது 1983ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு முடிவு. ஆகையால், குழாயைச் செதுக்கிச் சுத்தம் செய்வதையும், கரைசலால் கழுவுவதையும், இறுதியில் இறுக அடைப்பதையும் லேசரால் ஈடுசெய்ய இயலாது. அது துணைக்கருவியே. லேசர் இல்லாமலும் முறையாகச் செய்யப்படும் சிகிச்சை பல்லாண்டுகள் பல்லைக் காக்கும்.

இவ்வுண்மை பூநகரி மக்களுக்கு ஆறுதல் தருவதாகும். புதுக்கருவி வந்தபின் பார்ப்போம் என்று காத்திருக்கவேண்டியதில்லை. வேர்க்குழாய்ச் சிகிச்சைக்குப் பலமுறை சென்றுவர நேரிடலாம். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே மிதவையை நம்பியிருந்த காலத்தில் யாழ்ப்பாணம் சென்றுவருவது பெருஞ்சிரமம். 2011ஆம் ஆண்டு சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் அப்பயணம் எளிதாயிற்று. வலி தொடங்கிய அன்றே புறப்படுவோருக்குப் பல்லைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. வலி நின்றதை நம்பி வீட்டில் இருந்துவிடுவோருக்கு அது நாளுக்கு நாள் குறைகின்றது. ஆதலின், வைத்தியரின் முன் அமரும்போது, "பிடுங்கிவிடுங்கள்" என்பதற்கு முன்னர், "இதனைக் காப்பாற்ற இயலுமா?" என்று ஒருமுறை கேட்பது நன்று. கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை; கேளாதுவிட்டால் இழப்பது வாழ்நாள் முழுவதும் உழைக்கவேண்டிய ஒரு பல்லை.