பின்னச்சின் பெருக்கல் கணக்கு



மோட்டார் வண்டியின் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, அதனினும் வலிமை மிக்க வேறோர் எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பழைய வண்டிகளைப் பேணிக் காப்போர் இதனைப் பெரிதும் விரும்பிச் செய்கின்றனர். எஞ்சின் மாறியதும் அவர்கள் முன் ஒரு வினா எழுகின்றது. பின்னச்சின் நடுவேயுள்ள டிஃபரன்ஷியலின் பற்சக்கர விகிதம் பழையபடியே இருக்கலாமா? மாற்றுவதாயின் எந்த விகிதத்திற்கு மாற்றுவது? இதற்கு விடை காணப் பெருக்கலும் வகுத்தலும் போதும். ஆயின் எதனை எதனால் பெருக்குவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டி வழியாக வந்து, நீண்ட தண்டொன்றின் மூலம் பின்னச்சை அடைகின்றது. அத்தண்டின் முனையில் ‘பினியன்’ என்னும் சிறு பற்சக்கரம் உண்டு. அது ‘கிரௌன்’ என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. பினியனில் 9 பற்களும் கிரௌனில் 41 பற்களும் இருப்பின், பினியன் ஏறத்தாழ 4.55 சுற்றுகள் சுற்றினால்தான் கிரௌன் ஒரு முறை சுற்றும். இதுவே பின்னச்சு விகிதம். சுழற்சி எத்தனை மடங்கு குறைகின்றதோ, முறுக்குவிசை அத்தனை மடங்கு பெருகுகின்றது. உராய்வினால் சிறிது கழியும். அதனை இங்கே விட்டுவிடுவோம். டிஃபரன்ஷியல் என்பது, சரியாகச் சொன்னால், கிரௌனோடு சேர்ந்து சுழலும் வேறொரு சிறு பற்சக்கரக் கூட்டமே. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தினும் விரைந்து உருள இடந்தருவது அது. பேச்சு வழக்கில் முழுப் பெட்டிக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

9, 41 என்று ஒட்டாத எண்களை ஏன் கொண்டார்கள், 10, 40 என்று அழகாகக் கொள்ளக் கூடாதா என்று மாணவர் சிலர் கேட்கலாம். 10, 40 என்றால் பினியனின் ஒரு பல் கிரௌனின் குறிப்பிட்ட நான்கு பற்களையே என்றும் சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் குறையிருந்தால் அந்த நான்கும் விரைவில் தேயும். 9, 41 ஆகிய எண்களுக்கு 1 தவிரப் பொது வகுஎண் இல்லை. ஆதலின் ஒவ்வொரு பல்லும் எதிரேயுள்ள எல்லாப் பற்களையும் முறையே சந்தித்து, தேய்மானம் சமமாகப் பரவும். வகுப்பில் நீங்கள் சலித்துக்கொண்டே செய்யும் பொது வகுஎண் கணக்கு இங்கே இரும்பில் வந்து நிற்கின்றது.

இனி உண்மையான வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மோரிஸ் மைனர் பலரும் அறிந்த வண்டி. அதனை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். தொடக்கத்தில் அதில் 918 சி.சி. எஞ்சின் இருந்தது, பின்னச்சு விகிதம் 4.55. 1952இல் மோரிஸ், ஆஸ்டின் ஆகிய இரு நிறுவனங்களும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்ற பெயரில் ஒன்றாயின. அதன் விளைவாக ஆஸ்டினின் 803 சி.சி. எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. வண்டியை உண்டாக்கியவர்களே எஞ்சினை மாற்றிய கதை இது! சிறிய எஞ்சின் விரைந்து சுழன்றுதான் வேலை செய்ய முடியும். ஆகவே நாளடைவில் பின்னச்சு விகிதத்தை 5க்கு மேலே உயர்த்தினர். 1956இல் 948 சி.சி. எஞ்சின் வந்தபோது விகிதம் மீண்டும் 4.55 ஆயிற்று. 1962இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தது, விகிதம் 4.22க்கு இறங்கியது.

இந்த ஏற்ற இறக்கத்தின் பொருளை அறிய, எஞ்சினின் உச்ச முறுக்குவிசையைப் பின்னச்சு விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். 803 சி.சி. எஞ்சின் தந்தது ஏறத்தாழ 40 பவுண்டு-அடி. விகிதத்தை 5.3 என்று கொண்டால் பெருக்குத்தொகை 212. 948 சி.சி. எஞ்சினுக்கு 50 பவுண்டு-அடி, 4.55ஆல் பெருக்க 227 வரும். 1098க்கு 60 பவுண்டு-அடி, 4.22ஆல் பெருக்க 253. முறுக்குவிசை 40இலிருந்து 60ஆக, அதாவது ஒன்றரை மடங்காக, உயர்ந்தது. மேல் கியரில் பின்சக்கரத்திற்குக் கிடைத்ததோ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூடுதல்.

எஞ்சிய ஆதாயம் எங்கே போயிற்று? அதனையும் கணக்கிட்டுவிடலாம். மைனரின் டயர் ஒரு முறை உருண்டால் வண்டி ஏறத்தாழ 1.8 மீட்டர் செல்லும். மணிக்கு 90 கி.மீ. என்பது நிமிடத்திற்கு 1,500 மீட்டர். எனவே சக்கரம் நிமிடத்திற்கு 833 முறை சுற்ற வேண்டும். மேல் கியரில் கியர்ப் பெட்டி சுழற்சியை மாற்றுவதில்லை. ஆகவே எஞ்சின், 5.3 விகிதத்தில் 4,400 சுற்றுகளைத் தாண்டும், 4.55இல் 3,790, 4.22இல் 3,515. எஞ்சினின் வலிமை கூடக்கூட, அதன் பெரும் பகுதியை அவர்கள் இரைச்சலும் தேய்மானமும் குறைந்த ஓட்டத்திற்கே செலவிட்டனர்; சிறு பகுதியையே ஏற்றத்திற்கு ஒதுக்கினர். 1958இல் பிரெஸ்டன் புறவழிச்சாலையும், அடுத்த ஆண்டில் எம்-1 நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டு, இங்கிலாந்தில் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட்டும் பழக்கம் தொடங்கிய காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

இன்று மைனர் வைத்திருப்போர் பலர் எம்.ஜி. மிட்ஜெட் வண்டியின் 1275 சி.சி. எஞ்சினைத் தேடிப் பிடித்துப் பொருத்துகின்றனர். அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 70 பவுண்டு-அடி. மிட்ஜெட் வண்டிகளிலிருந்து 3.9, 3.7 ஆகிய விகிதங்களும் கிடைக்கின்றன. பழைய 4.55ஐ வைத்துக்கொண்டால் பெருக்குத்தொகை 318. வண்டி சீறிப் பாயும். ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் அலறும். வலிமையைப் பணங்கொடுத்து வாங்கி அலறலாகச் செலவிடுவதில் எனக்கு நியாயம் தோன்றவில்லை. 3.9 என்றால் 273, 3.7 என்றால் 259. தொழிற்சாலை இறுதியாகக் கொடுத்த 253க்கு இரண்டும் குறையவில்லை. 90 கி.மீ. வேகத்தில் எஞ்சின் முறையே 3,250, 3,083 சுற்றுகளே சுற்றும்.

அப்படியாயின் 3.7தானே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. முதல் கியரையும் பார்க்க வேண்டும். மைனரின் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 3.63. இதனைப் பின்னச்சு விகிதத்தால் பெருக்கினால், 4.55க்கு 16.5, 3.9க்கு 14.2, 3.7க்கு 13.4 என வரும். எஞ்சின் 1,000 சுற்றில் இருக்கும்போது வண்டி முறையே மணிக்கு 6.5, 7.6, 8 கி.மீ. வேகத்தில் நகரும். நெருக்கடி மிக்க தெருவிலே ஆள் நடக்கும் வேகத்திற்கும் கீழே ஊர வேண்டியிருக்கும். அதற்குக் கிளட்சை அரைகுறையாக மிதித்தே ஓட்ட வேண்டும். கிளட்சுத் தகடு சூடேறித் தேயும். சரிவில் நின்று, நால்வரை ஏற்றிக்கொண்டு புறப்படும்போதும் இதே தொல்லை. மலைப்பாங்கான ஊரில் இருப்பவர் 4.22இல் நிற்பதே நல்லது. சமவெளியில் தொலைதூரம் செல்பவருக்கு 3.9 ஏற்றது. 3.7ஐ, நெடுஞ்சாலையையன்றி வேறொன்றும் அறியாத வண்டிக்கே பரிந்துரைப்பேன்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. சிலர் எஞ்சினோடு ஐந்து கியர் கொண்ட பெட்டியையும் பொருத்துகின்றனர். ஃபோர்டு சியெரா வண்டியின் பெட்டி இதற்குப் பெயர்பெற்றது. அதன் ஐந்தாம் கியர் விகிதம் ஏறத்தாழ 0.82. 4.22ஐ இதனால் பெருக்கினால் 3.46 ஆகிவிடும், அச்சைத் தொடாமலே அமைதி கிடைத்துவிட்டது. 3.7 அச்சையும் இப்பெட்டியையும் சேர்த்தாலோ 3.03 வரும். அப்பொழுது ஐந்தாம் கியர் சமதரையில் மட்டும் பயன்பட்டு, சிறு மேடு வந்தாலும் நான்காம் கியருக்கு இறங்கச் செய்யும். இரு மருந்துகளையும் ஒருசேர உண்ட கதைதான்.

பழைய பொருட்களை விற்கும் கடையில் வாங்கும் அச்சு எந்த விகிதத்தது என்று எப்படி அறிவது? உறையைத் திறந்து பற்களை எண்ணலாம். வண்டியில் பொருத்தியிருந்தால் எளிய வழி வேறு உண்டு. முன்சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, கியரை நடுநிலையில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் உயர்த்தித் தாங்கியின் மேல் நிறுத்த வேண்டும். உயர்த்திய சக்கரத்தைக் கையால் 20 முறை சுற்றுங்கள். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால், டிஃபரன்ஷியலின் இயல்புப்படி கிரௌன் 10 முறைதான் சுற்றியிருக்கும். அதற்குள் தண்டு 45½ முறை சுற்றியிருந்தால் விகிதம் 4.55, 42 முறைக்குச் சிறிது மேலானால் 4.22, 39 ஆனால் 3.9.

விகிதத்தை மாற்றியவர் உடனே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது பிரேக்கு. 1098 சி.சி. எஞ்சினைக் கொடுத்தபோதே தொழிற்சாலையார் முன்சக்கரப் பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். அதனினும் பெரிய எஞ்சினைப் பொருத்துபவர் பழைய டிரம்மோடு இருப்பது அறிவுடைமை ஆகாது. இரண்டாவது வேகமானி. மைனரில் அது கியர்ப் பெட்டியிலிருந்து இயங்குவது. அச்சில் நிகழ்ந்த மாற்றம் அதற்குத் தெரியாது. 4.55ஐ எடுத்துவிட்டு 3.9ஐப் பொருத்திய வண்டியில் முள் 60ஐக் காட்டும்போது வண்டி ஓடுவது உண்மையில் 70. பள்ளிக்கூட வாசலில் இந்த 10 கி.மீ. சிறிய பிழையன்று. வேகமானியைப் பழுதுபார்ப்போரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தம் சரியா என்று அறிய, போக்குவரத்துக் குறைந்த சாலையில் முள்ளை 60இல் நிலைநிறுத்தி ஓட்டுங்கள். ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை வினாடி என்பதை உடன்வருபவர் கடிகாரத்தில் பார்க்கட்டும். 60 வினாடி ஆனால் முள் உண்மை சொல்கின்றது; 51 வினாடியிலேயே கல் வந்துவிட்டால் இன்னும் பழைய அச்சின் கணக்கையே அது சொல்லிக்கொண்டிருக்கின்றது.