புதிதாக வந்த மரத்தவளை சாப்பிடவில்லையா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பின், சமுதாயக் கூடத்தில் சி பிளாக் குடியிருப்பாளரான ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்குத் தனி வணக்கம். பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் பழுது எல்லாம் பேசி முடித்த களைப்பிலும் தவளையைப் பற்றிக் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளப்பான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தவளைக்கு நாம்தான் படியளக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வருகிறது.

போன மாதம் நம் குடியிருப்பில் இரண்டு வீடுகளிலிருந்து என்னிடம் ஒரே கேள்வி வந்தது. ஒரு வீட்டில் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பச்சை மரத்தவளை வாங்கியிருக்கிறார்கள். ஆறு நாளாக ஒன்றுமே தின்னவில்லை. இன்னொரு வீட்டில் குளியலறையில் கிடைத்த தேரையை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் தின்னவில்லை. கேள்வி ஒன்றுதான், பதில் இரண்டு. முதல் வீட்டுக்கு "பொறுத்திருங்கள்" என்றேன். இரண்டாம் வீட்டுக்கு "இன்று இரவே விட்டுவிடுங்கள்" என்றேன்.

முதலில் தேரையைப் பார்ப்போம். மழைக்காலத்தில் நம் குளியலறைச் சுவரிலும் ஃப்ளஷ் தொட்டிக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுவும் மரத்தவளைதான். விரல் நுனியில் வட்டமான பட்டைகள் இருப்பதால் வழுவழுப்பான டைல்ஸிலும் ஏறும். சுவரின் நிறத்துக்கேற்பத் தன் நிறத்தை வெளிறவும் கருக்கவும் செய்யும். ஆங்கிலத்தில் இதற்கு 'சுனாம் தவளை' என்றே ஒரு பெயர் உண்டு. சுனாம் என்பது நம் சுண்ணாம்புதான். மழை வந்ததும் தண்ணீருக்கு மேலே இலையிலோ சுவரிலோ நுரைக்கூடு கட்டி அதில் முட்டையிடும். குஞ்சுகள் நுரையிலிருந்து கீழே தண்ணீரில் விழுந்து வளரும். இதற்கு விஷம் கிடையாது. தேங்காய் சுருங்கிப்போவதற்கும் பிள்ளை மெலிந்துபோவதற்கும் இது காரணம் கிடையாது. ஊசுட்டேரி, பாகூர் ஏரிப் பாசனத்தை நம்பிய வயல்களுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். அது நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி இல்லை, பழைய குடியிருப்பாளர். ஈரமான ஒரு டம்ளரால் மூடி, அட்டையை அடியில் சொருகி, பொழுது சாய்ந்ததும் பக்கத்துச் செடியிலேயே விட்டுவிடுங்கள். தூரமாகக் கொண்டுபோக வேண்டாம்.

இனி, வாங்கி வந்த தவளை. கடைகளில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை. பத்து சென்டிமீட்டர் வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். இன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை கல்லூரி முடிக்கும்போதும் அது இருக்கும். வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020இல், ஊரடங்கு நேரத்தில், என் பேரனுக்காக இப்படி ஒரு தவளை வீட்டுக்கு வந்தது. விலங்கியல் படித்தவள் என்ற தைரியம் எனக்கு. இரண்டு நாள் அது சாப்பிடவில்லை என்றதும் கையில் எடுத்து வாயருகே பூச்சியை நீட்டினேன். அந்தக் கையில் சானிடைசர். மாலையில் அதே அறையில் கொசுவர்த்தி. பெட்டியில் ஊற்றியது குழாய்த் தண்ணீர். நான்காம் நாள் காலை அது செத்துக் கிடந்தது. எதனால் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றுமே நான் செய்தவை. பேரன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். ஆகவே நம் கையில் உள்ள சோப்பும் காற்றில் உள்ள கொசுமருந்தும் அதன் உடம்புக்குள் போய்விடும். அதை வளர்ப்பதற்கான விதிகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

தண்ணீர்: நம் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். குழாய்த் தண்ணீரை அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். மீன் தொட்டிக் கடையில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் கிடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் இருக்காது, அதை மட்டுமே ஊற்ற வேண்டாம். ஆழமில்லாத கிண்ணத்தில் வைத்துத் தினமும் மாற்றுங்கள்.

பெட்டி: அகலத்தைவிட உயரம் அதிகமாக இருக்கட்டும். மேலே வலை மூடி. ஏறுவதற்குக் குச்சிகள், ஒளிவதற்கு இலைமறைவு. முதல் இரண்டு வாரம் தரையில் வாசனையில்லாத டிஷ்யூ பேப்பரை நனைத்து விரித்தால் போதும். எச்சம் போட்டிருக்கிறதா என்று தெரியும். மூன்று பக்கமும் வெளியே காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். டி.வி. பக்கத்திலும் வெயில் படும் பால்கனியிலும் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், மாலையில் ஒருமுறை தெளித்தால் போதும். ஏ.சி. அறை தோலை உலர்த்திவிடும், மே மாத வெயிலோ கொன்றுவிடும். கொம்யூன் பஞ்சாயத்துக்காரர்கள் கொசுப்புகை அடிக்கும் நாளில் ஜன்னலை மூடி, பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

சாப்பாடு: முதல் மூன்று நான்கு நாள் ஒன்றும் செய்யாதீர்கள். தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், கையில் எடுக்காதீர்கள். புது இடம், புது வாசனை. புது வீட்டில் நமக்கே முதல் இரவு தூக்கம் வருவதில்லை. அது பகலில் தூங்கி இரவில் இரை தேடும் உயிர். காலை பத்து மணிக்குப் பூச்சியை நீட்டினால் எப்படித் தின்னும்? விளக்கை அணைத்தபின் இரண்டு மூன்று சுவர்க்கோழிகளை விடுங்கள். கடையில் 'கிரிக்கெட்' என்று கேட்டால் தருவார்கள். அசையாத இரை அதன் கண்ணுக்கு இரையாகவே தெரியாது. பூச்சி, தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வாரம் இரண்டு முறை பூச்சியின் மேல் கால்சியம் பொடி தூவுங்கள், இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். தின்னாமல் விட்ட பூச்சிகளைக் காலையில் எடுத்துவிடுங்கள், அவை தவளையையே கடிக்கும். வீட்டுக் கரப்பானும் வயல்வரப்பு வெட்டுக்கிளியும் வேண்டவே வேண்டாம். எதில் என்ன மருந்து அடித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

வாயைத் திறந்து திறந்து மூடி, உடம்பை முறுக்கினால் பயப்படாதீர்கள். தோலுரித்து அதையே தின்கிறது. விழுங்கும்போது கண்கள் உள்ளே போவதும் இயல்புதான், கண்ணாலேயே இரையைத் தள்ளுகிறது.

வளர்ந்த தவளை ஒரு வாரம், பத்து நாள் பட்டினியைத் தாங்கும். குட்டி அவ்வளவு தாங்காது. இடுப்பெலும்பு துருத்தினாலோ, தோல் சிவந்தாலோ, இரவிலும் அசையாமல் தரையில் கிடந்தாலோ காத்திருக்காதீர்கள். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தவளை பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கடைசியாக இரண்டு. சிவப்புக் கண் மரத்தவளை வாங்குபவர்கள், 2024இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, வளர்க்க முடியவில்லை என்று எந்த வெளிநாட்டுத் தவளையையும் ஊசுட்டேரியிலோ சங்கராபரணி ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் உலகில் பல தவளை இனங்களை அழித்திருக்கிறது. வளர்ப்புத் தவளை வியாபாரமும் அது பரவிய வழிகளில் ஒன்று. முடியவில்லை என்றால் என்னிடம் கொடுங்கள்.

பிறந்தநாள் தவளை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்பதாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெண் குழந்தை தன் அம்மா போனில் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "பாட்டி, ரெண்டு சாப்டுச்சு. நான் லைட் போடல."