பூட்டிக் கிடக்கும் மணிச்சத்து

உறையூருக்கு வடக்கே, ஊட்டத்தூர் களிமண்ணில் உருண்டை உருண்டையாகச் சில கற்கள் உண்டு. அந்தப் பக்கம் கடலாக இருந்த கிரெட்டேசியக் காலத்துப் பாஸ்பேட் கற்கள் அவை. உள்ளே இருப்பது பயிருக்கு வேண்டிய மணிச்சத்துதான். ஆனால் பொடித்து அப்படியே வயலில் தூவினால் பயிருக்கு லேசில் கிடைக்காது, தண்ணீரில் கரைந்தால்தானே! காசு கொடுத்து வாங்கும் டி.ஏ.பி. உரத்துக்கும் கடைசியில் ஏறக்குறைய இதே கதிதான். கரைந்த சத்து சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும், செம்மண்ணில் இரும்போடும் ஒட்டிக்கொள்ள, பெரும்பகுதி அந்தப் போகத்துக்கு உதவாமல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

இந்தப் பூட்டைத் திறப்பவை நுண்ணுயிர்கள். பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து கால்சியத்தின் பிடியைத் தளர்த்துகிறது. மைக்கோரைசா என்னும் வேர்ப்பூஞ்சையோ, வாழையின் வேர் எட்டாத இடத்துக்கும் மெல்லிய இழைகளை நீட்டிச் சத்தை இழுத்து வருகிறது. கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. கரைத்ததை அவையே தின்றுவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு தின்னும், மடிந்து மக்கும்போது அது மண்ணுக்கே திரும்பும். நுண்ணுயிர் மணிச்சத்தை உற்பத்தி செய்வதில்லையே என்பது இன்னும் வலுவான கேள்வி. உண்மைதான். நெல்லோடும் வாழைத்தாரோடும் வெளியேறுவதை நாம்தான் ஈடுகட்ட வேண்டும். தண்ணீர் கட்டிய நெல்வயலில் வேர்ப்பூஞ்சைக்கு மூச்சும் முட்டும். ஆகவே உரத்தை அடியோடு நிறுத்துவது சரியல்ல. மண்ணில் இருப்பதைப் பார்க்காமல் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதும் சரியல்ல. மண்ணைப் பரிசோதித்து உர அளவை முடிவு செய்யுங்கள். பாஸ்போபாக்டீரியாவை மக்கிய தொழு உரத்தில் கலந்து இடுங்கள். ரசாயன உரத்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.