செத்த பிறகு தேகம்

பிணத்தின் முதுகில் கருஞ்சிவப்பாய்த் திட்டுத் திட்டாகக் கண்டால் பேய் அறைந்துவிட்டது என்கிறார்கள். இல்லாவிட்டால் பெண்டாட்டி மேல் பழி போடுகிறார்கள். இருதயம் நின்றதும் இரத்தம் ஓட்டமற்றுக் கீழ்ப்புறம் இறங்கித் தேங்குகிறது, அவ்வளவுதான் சங்கதி. அது தேக்கமா, அடிபட்ட காயமா என்பதை இந்தக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் டாக்டர் அறுத்துப் பார்த்தே சொல்லுகிறார். சந்தேகமிருந்தால் எரிக்கும் முன் போலீசில் சொல்லுங்கள். அதைவிட்டு, ஒரு விதவையைக் கொலைகாரி என்று தீர்ப்புச் சொல்ல ஊராருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இறந்து 2, 3 மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்க ஆரம்பித்து, சுமார் 12 மணி நேரத்தில் தேகம் முழுவதும் கட்டையாகும். மதுரை வெயிலில் இன்னும் சீக்கிரம். அதற்குமுன் வாயையும் கால் பெருவிரல்களையும் கட்டிவிடுவது புத்திசாலித்தனமே, மறுக்கவில்லை. அப்புறம் விறைப்பு தானே தளரும். குடற்கிருமிகள் பெருகிக் காற்றுண்டாக்கி வயிறு ஊதும். பிணத்தைப் புரட்டும்போது உள்ளிருக்கும் காற்று தொண்டை வழியே வந்து முனகினால் ஆவி பேசிற்று என்கிறார்கள்! சிதையில் கைகால் மடங்குவதும் சூட்டில் சதை சுருங்குவதால்தான்.

சனிப்பிணம் தனிப்போகாதென்று பாடையில் கோழியைக் கட்டுகிறீர்களே, வெள்ளிக்கிழமைப் பிணத்துக்கும் சனிக்கிழமைப் பிணத்துக்கும் இதில் ஏதாவது வித்தியாசம் கண்டீர்களா? அந்தக் கோழி என்ன குற்றம் செய்தது?