செவிலியும் நம் குடும்பங்களும்

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

செவிலித் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைப் பணித்தபோது நான் தயங்கினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் காலங்கழிக்கும் குமாஸ்தா நான். மருத்துவம் அறிந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். ஆயினும் இந்தப் பொருளில் எனக்கு ஒரு கடன் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் என் தங்கை நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். "பிறர் மலமும் சலமும் அள்ளவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று கேட்டவன் நான். அவள் மறுமொழி கூறாமல் அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அன்று நான் கேட்ட கேள்வியில் எத்தனை அறியாமை இருந்தது என்பதைச் சொல்லவே இன்று எழுந்து நிற்கிறேன்.

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்திருக்கிறார். நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். மருத்துவனுக்குப் பின்னே கைகட்டி நிற்பவனாக அல்ல, நான்கில் ஒரு கூறாகவே அவனை எண்ணியிருக்கிறார். செவிலி என்ற சொல்லோ, சங்கப் பாடல்களில் தலைவியை வளர்த்தெடுத்த தாயைக் குறிப்பது. நாம் வாழும் இந்த ஊரில் 'சிஸ்டர்' என்று அழைக்கிறோம். எல்லாம் உயர்ந்த பெயர்கள்தாம். பெண் பார்க்க வருகிறவர் காதில் மட்டும் அது ஏனோ தாழ்ந்து ஒலிக்கிறது!

இத்தொழிலைப் படிப்பாக ஆக்கியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். விளக்கு ஏந்திய சீமாட்டி என்று படம் போட்டிருக்கும். அந்த விளக்கைவிட அவர் கையிலிருந்த கணக்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு அவர் போய்ச் சேர்ந்தார். அங்கே காயத்தால் செத்தவரைவிடக் காலராவாலும் சீதபேதியாலும் விஷக்காய்ச்சலாலும் செத்தவரே மிகுதி. கட்டடத்தின் கீழே சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 மார்ச்சில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றோட்டத்துக்கு வழி செய்தபின் சாவு வெகுவாகக் குறைந்தது. ஊர் திரும்பிய அம்மையார் மாதவாரியாக இறப்புகளைக் கணக்கிட்டு, நோயால் இறந்தவருக்கு நீலமும் காயத்தால் இறந்தவருக்குச் சிவப்பும் தீட்டி, 1858இல் ஒரு படமாக அச்சிட்டு அமைச்சர்கள் முன் வைத்தார். நீலம் சிவப்பை விழுங்கி நின்றது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. குமாஸ்தா வேலையைக் கேலி செய்வோர் இந்த அம்மையாரைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது. ஆனால் நம் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் வேலூர். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண், திண்டிவனத்தில் தந்தையாரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விடோம், நீ வா என்றார்கள். அவரோ வைத்தியம் படித்தவரல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அதன்பின் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை கண்டார். மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918இல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1909இலேயே, செவிலியர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். இந்த வரிசையை அன்பர்கள் கவனிக்க வேண்டும். 1946இல் இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. மறு ஆண்டே இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது.

சரி, அப்படி என்னதான் படிக்கிறார்கள்? உடலமைப்பு, உடலியக்கம், கிருமியியல், மருந்தியல், உளவியல், சத்துணவு எல்லாம் உண்டு. அவற்றை நான் விவரிக்கப் புகுந்தால் உளறுவேன். என் தொழிலோடு ஒப்பிட்டு ஒன்றைச் சொல்கிறேன். பார்சல் அலுவலகத்தில் ஒரு பெட்டியை ஒப்படைக்குமுன் பெயர், ஊர், எண், எடை, ரசீது அனைத்தையும் பார்ப்போம். செவிலியரும் மருந்து கொடுக்குமுன் ஐந்தைச் சரிபார்க்க வேண்டும்: உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம். ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு கட்டிலிலும். நாங்கள் தவறினால் பெட்டி வேறு ஊர் போகும், திரும்பியும் வரும். அவர்கள் தவறினால் திரும்பி வருவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது, பார்ப்பது. இதைப் புத்தகத்தில் படித்து நான் கற்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஒரு மருத்துவமனையில் இருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குச் செவிலிப் பெண் ஒருத்தி வந்து விளக்கைப் போட்டாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அம்மா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்கள். "உறங்குகிறவர்களை ஏனம்மா தொந்தரவு செய்கிறாய்?" என்று கடிந்துகொண்டேன். "ஒரு மினிட்டு, சேட்டா" என்றாள். அவ்வளவுதான். அம்மாவின் மார்பைப் பார்த்தபடி, மணிக்கட்டில் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு நிமிடம் முழுவதும் அசையாமல் நின்றாள். பிறகு நாடி பார்த்தாள். பிறகு விரைந்து நடந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளை அப்போதுதான் நான் படித்தேன். மூச்சு, மாலை ஆறு மணிக்கு 18. இரவு பத்து மணிக்கு 22. இப்போது 28. வளர்ந்தவருக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டுமாம். காய்ச்சல் இல்லை, முனகல் இல்லை. அருகிலேயே மூன்று நாளாய் உட்கார்ந்திருந்த மகன் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா நன்றாக உறங்குகிறார்கள் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து பார்த்தார், பிராணவாயு வைத்தார்கள், சோதனையில், காலிலிருந்து எழுந்த ரத்தக்கட்டி ஒன்று நுரையீரல் குழாயை அடைத்திருந்தது தெரிந்தது. தக்க சமயத்தில் கண்டதால் பிழைத்தார்கள். இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். பணி முடிந்து போய்விட்டாள். போகுமுன் அடுத்து வந்தவளிடம் ஒவ்வொரு கட்டிலைப் பற்றியும் சொல்லி, எழுதி, ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். எங்கள் நிலைய அதிகாரிகள் பணி மாறும்போது டயரியில் எழுதிக் கையொப்பமிட்டு மாற்றிக்கொள்வதைப் போலவே.

மலமும் சலமும் அள்ளுகிறார்களா? ஆம், அதையும் செய்கிறார்கள். சலத்தின் அளவையும் நிறத்தையும் குறித்து வைக்கிறார்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பது அதில் தெரியும். அசையாமல் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டுகிறார்கள், முதுகில் புண் வராதிருக்க. நான் இழிவென்று கருதிய ஒவ்வொன்றிற்குள்ளும் ஓர் அறிவு இருந்தது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. இரவுப்பணி உடலை வாட்டும். ஊதியம் நெடுங்காலம் மிகக் குறைவாக இருந்தது. செவிலியர் போராடிப் போராடி, 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச மாத ஊதியம் 20,000 ரூபாய் என்று ஆணையிட்டது. ஆபத்தும் உண்டு. மறு மாதமே கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா நோய் தோன்றியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்னும் செவிலி, அந்நோய் தொற்றி 2018 மே 21இல் உயிர் நீத்தார். இரு சிறு குழந்தைகளின் தாய். இதையெல்லாம் பெற்றோர் தெரிந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஆபத்தைக் கண்டு அஞ்சுவது வேறு. தொழிலை இழிவென்று ஒதுக்குவது வேறு. நான் என் தங்கைக்குச் செய்தது இரண்டாவது.

இவ்வாண்டு என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கப் போகிறேன் என்றாள். உறவினர் சிலர் கடிதத்திலும் தொலைபேசியிலும் என்னைக் கடிந்தார்கள். என் பழைய சொற்களையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். நான் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். "அண்ணா, பிறந்த தேதியில் மாதத்தைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. திருத்திக் கொடுத்தாள்.

பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஆண் பிள்ளைகளும் சேரலாம். கல்லூரியில் சேருமுன் அதற்கு உரிய அங்கீகாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகவர் கையில் பணம் கொடுக்க வேண்டாம். விண்ணப்பம் நிரப்பத் துணை வேண்டுவோர் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் சங்க நூலகத்துக்கு வரலாம். நானும் இருப்பேன், என் தங்கையும் இருப்பாள். தேதிகளை அவளே பார்த்துக்கொள்வாள்.