பிழை எங்கே நிகழ வேண்டும்?



1894ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜனாதிபதி சாடி கார்னோ கத்தியாற் குத்தப்பட்டார். வயிற்றினுள்ளே பெரிய நாளமொன்று கிழிந்தது. அதைத் தைத்து மூட வகையறியாது வைத்தியர்கள் கைவிட்டனர், அவர் இறந்தார். அந்நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் கரெல் என்னும் இளைஞர் இதனால் உள்ளம் நொந்தார். பின்னர் பூத்தையற் பெண்மணி ஒருவரிடஞ் சென்று நுண்ணூசி பிடிக்கக் கற்றார். குழாயின் வாயை மூன்றிடத்திற் பிடித்திழுத்து, வட்டத்தை முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசும் பெற்றார்.

இன்று பயில்வோர்க்குச் செயற்கைக் குருதிக் குழாய்கள் உள. சிலிக்கோனால் வார்த்த குழாயிலே பம்பியொன்று செந்நீரைத் துடிப்போடு செலுத்தும். தையல் தளர்ந்தால் நீர் கசியும். மிக இறுகினால் வழி குறுகும். நோயாளி ஒருவரின் சி.ரி. படத்தைக் கொண்டு, அவருடைய நாடியின் வீக்கத்தையும் வளைவையும் அவ்வாறே அச்சிட்டு, சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஒத்திகை பார்ப்பதும் உண்டு.

“குழாய் மனித நாடியாகுமா?” என்று கேட்பீர்கள். ஆகாது. முதியோர் நாடியிற் படியும் சுண்ணத்தையும், குருதி உறைதலையும் அது முற்றாகக் காட்டாது. ஆகவே ஆசிரியரின் துணையும் வேண்டும்.

ஆயினும், பழகாத கை எங்காவது ஒருநாள் நடுங்கியே தீரும். அந்த நடுக்கம் குழாயின்மீதா, நம் தாயின்மீதா? விடையை உங்களிடமே விடுகிறேன்.