இணையப் பக்கத்தில் ஒரு குரல்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்பறையின் குரலை வீடுகளுக்கு எவ்வாறு அனுப்புவது என்ற கேள்வி அன்று எம்முன் எழுந்தது. வரலாற்றுப் பாடமொன்றை இருபது நிமிட ஒலிப்பதிவாக்கிப் பாடசாலையின் இணையப் பக்கத்தில் சேர்த்தேன். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அது பெருஞ் சாதனையாகவே தோன்றிற்று. மறுநாட் காலை ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, பாடம் பாதி கேட்குமுன்னரே போட்ட டேற்றா முழுவதும் முடிந்துவிட்டது. பிள்ளை அழுகிறான்" என்றார். நாட்கூலி பெறும் குடும்பம் அது. பிழை என்னுடையது.

சுருக்கப்படாத 'வேவ்' கோப்பினை அப்படியே ஏற்றியிருந்தேன். இறுவட்டின் தரத்திலுள்ள அத்தகைய கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைற் கொள்ளும். எனது பாடமோ 200 மெகாபைற்! அதனையே ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 64 கிலோபிற் அளவில், 'எம்.பி.3' கோப்பாகச் சுருக்கினால் 10 மெகாபைற்றுக்குள் அடங்கிவிடும். பேச்சுக்கு அது தாராளமாகப் போதும்.

இனி, கோப்பினைப் பக்கத்தில் அமைக்கும் முறையைக் கூறுவேன். இணையப் பக்கங்கள் 'எச்.ரி.எம்.எல்.' என்னும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. ஒருகாலத்தில் ஒலியைக் கேட்பிக்க 'ஃபிளாஷ்' போன்ற புறச் செருகிகள் வேண்டியிருந்தன. 2014ஆம் ஆண்டில் நியமமாகிய அம்மொழியின் ஐந்தாம் பதிப்பு, 'ஓடியோ' என்னும் ஒட்டினைத் தந்து அக்குறையைப் போக்கியது.

கோண அடைப்புக்குள் 'ஓடியோ' என்று ஆங்கில எழுத்தில் எழுதுக. அவ்வடைப்புக்குள்ளேயே 'எஸ்.ஆர்.சி.' என எழுதிச் சமக்குறியிட்டு, மேற்கோட் குறிகளுக்குள் கோப்பின் பெயரைத் தருக. பல வழங்கிகளில் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. பெயர் ஓரெழுத்து மாறினும் ஒலி வாராது. அடுத்து 'கொன்ரோல்ஸ்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அஃதின்றேல் ஒலியை இயக்கும் பொத்தான்கள் திரையில் தோன்றா. 'பிரீலோட்' என்பதற்கு 'நன்' என்று மதிப்பிட்டால், கேட்பவர் பொத்தானை அழுத்தும்வரை கோப்பினை இறக்க வேண்டாமென உலாவிக்கு அறிவுறுத்தியவராவோம். ஏழைப் பிள்ளையின் பணத்தைக் காக்கும் சொல் அது. இறுதியில், சாய்கோட்டுடன் கூடிய மறு ஒட்டினால் முடித்துவிடுக.

தானாக ஒலிக்கச் செய்யும் 'ஓட்டோபிளே' என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கேளாதவர் காதிலும் வலிந்து புகும் குரலை எவரும் விரும்பார். செவிப்புலன் குன்றிய மாணவருக்காகப் பாடத்தின் எழுத்து வடிவத்தையும் கீழே இடுவது நம் கடமை.

பாடத்தைச் சுருக்கி மீண்டும் ஏற்றினேன். சில நாட்களின் பின் அத்தாயார் மறுபடியும் அழைத்தார். "பிள்ளை இரண்டு தரம் கேட்டுவிட்டான், ஐயா" என்றார். குரல் எட்டினாற் போதாது, நேயர்களே. எட்டக்கூடிய விலையிலும் அது இருத்தல் வேண்டும்.